எண்பத்தொன்பதாவது அடி

என் அத்தானுக்கு, அதாவது என் அக்காவின் கணவருக்கு, வாழ்க்கையில் ஒரே ஒரு பேராசைதான் இருந்தது. சொந்த வீடு, கார், பதவி உயர்வு என்றெல்லாம் இல்லை. கோல்ஃப் ஆட்டத்தில் பதினெட்டுக் குழிகளையும் தொண்ணூறு அடிக்குள் முடித்துவிட வேண்டும். இதை முதல்முறை அவர் என்னிடம் சொன்னபோது நான் சிரித்த சிரிப்பில் குடித்த டீ மூக்கில் ஏறிவிட்டது.

சிரிக்காமல் என்ன செய்வது? மனிதர் லிஃப்ட் மெக்கானிக். காலையில் சாம்பல் நிறச் சட்டையை மாட்டிக்கொண்டு, கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், உயர்ந்த கட்டடங்களின் மொட்டை மாடியில் மோட்டார் அறைக்குள் குனிந்து உட்கார்ந்திருப்பவர். கோல்ஃப் என்றால் வெள்ளைத் தொப்பி போட்ட பெரிய மனிதர்களின் பொழுதுபோக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். நீர்த்தேக்கக் கரையில் நகராட்சியே ஒரு மைதானம் நடத்துகிறது, அங்கே தபால்காரரும் ஆடுகிறார், பிளம்பரும் ஆடுகிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. கூட வேலை பார்த்தவர் ஒருநாள் அத்தானை அங்கே இழுத்துக்கொண்டு போனார். போனவர் போனவர்தான். பிறகு ஒவ்வொரு விடுமுறை நாளும் அங்கேதான்.

ஆட்டம் ஒன்றும் கம்பசூத்திரமில்லை. சின்னப் பந்து. பரந்த புல்வெளி. தூரத்தில் ஒரு குழி, அதில் ஒரு கொடி. மட்டையால் அடித்து அடித்துப் பந்தைக் குழிக்குள் தள்ள வேண்டும். இப்படிப் பதினெட்டுக் குழி. மொத்தம் எத்தனை அடி அடித்தீர்கள் என்பதுதான் கணக்கு, குறைந்தால் நல்லது. கைதேர்ந்தவர்கள் எழுபது சொச்சத்தில் முடித்துவிடுவார்கள். வாரம் ஒருநாள் ஆடுகிறவர்கள் நூறைத் தாண்டி மூச்சு வாங்குவார்கள். தொண்ணூறுக்குள் வந்துவிட்டால் 'இவருக்கு ஆட வரும்' என்று மற்றவர்கள் ஒப்புக்கொள்வார்கள். அத்தானுக்கு வேண்டியிருந்தது அந்த ஒப்புதல்தான். எண்பத்தொன்பது போதும். எண்பத்தெட்டுக்குக்கூட அவர் ஆசைப்பட்டதில்லை.

ஆரம்பத்தில் அவர் அடித்ததைப் பார்த்திருக்க வேண்டும். பந்து முன்னால் போகாமல் இருப்பதற்கு எத்தனை வழி உண்டோ அத்தனையும் அவருக்குத் தெரியும். காற்றை அடிப்பார், மண்ணை அடிப்பார். ஒருமுறை பந்து பக்கத்து மரத்தில் பட்டுத் திரும்பி வந்து அவர் காலடியிலேயே விழுந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது. அவரவர் அடியை அவரவரே எண்ணிக்கொள்ள வேண்டும். அத்தான் எண்ணுவதில் சுத்தத் தங்கம். காய்ந்த இலை ஒன்றை விலக்கும்போது பந்து ஒரு நெல் அளவு நகர்ந்துவிட்டது என்று ஒருநாள் தன் கணக்கில் ஓர் அடியைக் கூட்டிக்கொண்டார்.

"யாருங்க பார்த்தா?" என்றாள் அக்கா.

"நான் பார்த்தேன்ல?" என்றார்.

இந்த ஆளோடு வாழ்வது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு அது பெருமை. அவள் துணிக்கடை ஒன்றில் அளவு திருத்தும் தையல்காரி. நீளமான கால்சட்டையைக் குட்டையாக்குவாள், இறுக்கமான ரவிக்கையைப் பிரித்து விடுவாள். குழந்தை இல்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிடுவார்கள் என்று உறவில் எல்லோரும் கேலி செய்வோம்.

அவள் மைதானத்துக்குப் போக ஆரம்பித்ததே ஒரு விபத்துதான். அங்கே பயிற்சியாளர் ஒருவர் இருந்தார். குண்டு மனிதர். நாற்காலியை விட்டு எழுந்து நான் பார்த்ததில்லை. அத்தான் அரைமணி நேரப் பாடத்துக்குப் பதிந்துகொண்டு போனார். அக்கா துணைக்குப் போய், வேலி ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, யாருடைய கால்சட்டைக்கோ மடிப்புப் பிரித்துக்கொண்டிருந்தாள். அத்தான் நாலு பந்து அடித்ததும் பயிற்சியாளர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சார், அடிக்கிறதுக்கு முன்னாடியே எங்க போச்சுன்னு பார்க்கறீங்க. தலை தூக்கினா தோள் தூக்கும். தோள் தூக்கினா மட்டையும் தூக்கும். அப்புறம் பந்து எப்படிப் போகும்? தலையைத் தூக்காதீங்க. அடிச்ச பிறகும் பந்து இருந்த இடத்துப் புல்லையே பாருங்க."

"அப்போ பந்து எங்க விழுந்ததுன்னு எப்படித் தெரியும்?"

"வேற யாராவது பார்க்கட்டுமே."

"நான் பார்க்கறேன்" என்றாள் பெஞ்சிலிருந்து அக்கா, நூலைப் பல்லால் கடித்தபடி.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அத்தான் குனிந்து நிற்பார். அக்கா ரெண்டு எட்டு தள்ளி நிற்பாள். அடித்ததும் அவர் தலை அசையாது, கண் புல்லில். "எங்க போச்சு?" என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்பார். அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துச் சொல்வாள். சும்மா 'அந்தப் பக்கம்' என்றெல்லாம் சொல்ல மாட்டாள். "மூணாவது மரத்துக்கு இந்தப் பக்கம், பழுத்த புல் ஒரு திட்டா இருக்கு பாருங்க, அதுக்கு ஒரு எட்டு முன்னாடி." போய்ப் பார்த்தால் அங்கே இருக்கும். மற்ற ஆட்டக்காரர்களும் பந்தைத் தொலைத்துவிட்டு அவளைத்தான் கூப்பிடுவார்கள். மைதானத்தில் அவளுக்குக் கழுகு என்று பெயர் வைத்துவிட்டார்கள். "இன்னிக்குக் கழுகு வரலையா?" என்று அத்தானிடம் கேட்பார்கள். அவரை யாரும் விசாரித்ததாக எனக்கு நினைவில்லை.

தலை அசையாமல் நின்றதும் ஆட்டமும் நிதானத்துக்கு வந்தது. பயிற்சியாளர் ஒன்றொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். மட்டையை ஈர சோப்பு மாதிரி பிடிக்கணும், இறுக்கினால் வழுக்கும் என்றார். அத்தான் ஸ்பேனர் பிடித்துப் பழகிய கையை இளக்குவதற்கு ஒரு மழைக்காலமே ஆயிற்று. மரத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் சந்து வழியாகக் குறிபார்த்து வீரம் காட்ட வேண்டாம், பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டி வெளியே வந்துவிடுங்கள், ஓர் அடிதான் போகும், மானம் போகாது என்றார். பெரிய மட்டையை வைத்து வானத்தைப் பார்த்து அடித்துக்கொண்டிருப்பதில் பாதி நேரத்தைக் குழிக்குப் பக்கத்தில் செலவழிக்கச் சொன்னார். "சார், அடி கூடறது தூரத்துல இல்லை, குழியைச் சுத்தித்தான்" என்றார்.

எனக்குப் பிடித்த பாடம் ஒன்றுதான். குழிக்குப் பக்கத்தில் வந்ததும் பந்தை மெதுவாக உருட்டிவிட வேண்டும். அப்போதும் தலை தூக்கக் கூடாது. பந்து குழிக்குள் விழுவதைப் பார்க்காமல், காதால் கேட்க வேண்டுமாம். "உருண்டு போற பந்து முதல்ல குழியோட பின் சுவத்துல இடிக்கும், அப்புறம் அடியில விழும். ரெண்டு சத்தம் கேட்டா விழுந்துதுன்னு அர்த்தம். கேட்கலைன்னா, பார்த்து மட்டும் என்ன ஆகப்போகுது?" என்றார். லிஃப்ட் கதவில் காதை வைத்தே எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்கிறவருக்கு இது அல்வா சாப்பிடுகிற மாதிரி. வீட்டு நடையில் ஒரு எவர்சில்வர் டம்ளரைச் சாய்த்து வைத்துக்கொண்டு உருட்டுவார். அக்கா தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுப்பாள். சத்தம் கேட்டால் இருவரும் ஒரே நேரத்தில் "ம்" என்பார்கள். டம்ளர் இப்படியே போனால் தண்ணீர் எதில் குடிப்பது என்று நான் கத்துவேன். யார் காதிலும் விழாது.

நூற்றிருபதில் இருந்தவர் நூறுக்கு வந்தார். நூறிலிருந்து தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றிரண்டு அடித்த அன்று வாசலிலிருந்தே அக்கா விரலைக் காட்டிக்கொண்டு வந்தாள். இன்னும் மூன்று அடி குறைந்தால் போதும். அப்போது நான் அவர்களோடு ஒரே தெருவில் குடியிருந்தேன். அந்த வருடங்களில் அந்த வீட்டில் சந்தோஷத்துக்குக் குறைவே இல்லை.

பிறகு பந்துகள் தொலைய ஆரம்பித்தன.

முதலில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்கா "ஓடை பக்கம்" என்பாள், பந்து வேலிப் பக்கம் கிடக்கும். "மணல் பள்ளத்துக்கு முன்னாடி" என்பாள், எங்கேயும் இருக்காது. தொலைந்த பந்துக்கு அபராதமாக அடி கூடும். அத்தான் அதையும் நாணயமாகக் கூட்டிக்கொள்வார். தொண்ணூற்றிரண்டு மறுபடியும் தொண்ணூற்றெட்டு ஆயிற்று. வீட்டிலும் அக்கா டம்ளரைத் தட்டிவிடுவாள், கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வாள். "கைகால் நிதானமே இல்லை உனக்கு" என்று நானும் சொல்லியிருக்கிறேன், எல்லோரும்தான் சொன்னோம். கண்ணைப் பற்றி யாருக்குச் சந்தேகம் வரும்? நூலை ஒரே தடவையில் ஊசியில் கோத்துவிடுகிறாள். பேப்பரில் பொடி எழுத்தைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறாள்.

பொறுமையான மனிதருக்கும் ஒருநாள் பொறுமை போகும். அன்றைக்கு அத்தான் நன்றாக ஆடிக்கொண்டிருந்தாராம். பாதி ஆட்டம் தாண்டியதும் அடுத்தடுத்து இரண்டு பந்து தொலைந்தது. மற்றவர்கள் முன்னாலேயே கத்திவிட்டார்.

"கண்ணை எங்க வச்சிருக்கே நீ? பந்தைப் பார்க்கறதைத் தவிர இங்க உனக்கு வேற என்ன வேலை?"

"வெயில் கூசுதுங்க" என்றாளாம் அக்கா.

வீட்டுக்கு வந்தும் இரண்டு நாள் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு பந்துக்காகவா இவ்வளவு என்று அவரைப் பிடிபிடியென்று பிடித்தேன். நான் பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் வேலை செய்கிறவள். நாள் முழுக்கக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து கத்திக் கத்தியே எனக்குத் தொண்டை தேறியிருக்கிறது. அத்தான் எனக்கு வாயாடி என்றுதான் பெயர் வைத்திருந்தார்.

அடுத்த வாரம் நானும் கூடப் போனேன். இவர் எப்படிக் கத்துகிறார் என்று ஒரு கை பார்த்துவிடலாம் என்ற எண்ணம்தான். அத்தான் குனிந்து அடித்தார். பந்து இடப்பக்கம் வளைந்து போய்ப் புதர் ஓரம் விழுந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அக்கா வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். வெறுமனே பார்க்கவில்லை. புருவத்துக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, கழுத்தை மெல்லத் திருப்பி, ஒரு பந்தின் பின்னாலேயே போகிற மாதிரி பார்த்தாள். அந்தப் பக்கம் பந்தே இல்லை.

"எங்க போச்சு?" என்றார் அத்தான், தலையைத் தூக்காமல்.

"நேரா, கொஞ்சம் வலது கை பக்கம். நல்லா விழுந்திருக்கு" என்றாள் அக்கா.

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பொய் சொல்கிறாள் என்று தோன்றவில்லை. ஏதோ பரீட்சையில் விடை தெரியாத பிள்ளை மாதிரி அவள் முகம் இருந்தது. அத்தான் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்ததும் அவள் கையைப் பிடித்தேன்.

"அக்கா, உனக்குப் பந்து தெரியுதா?"

என் கையைப் பிடித்தபடியே நடந்தாள். "அடிக்கிற சத்தத்தை வச்சுச் சொல்லிக்கிட்டு இருக்கேன்டி. நல்லாப் பட்டா ஒரு சத்தம் வரும், கோணலாப் பட்டா ஒரு சத்தம் வரும். முக்கால்வாசி சரியாத்தான் இருந்துச்சு. இப்பத்தான் தப்பிப் போகுது."

"எத்தனை நாளா?"

"நேரா இருக்கறது தெரியுது. பக்கத்துல இருக்கறதுதான் இல்லை. ஒரு குழாய் வழியாப் பார்க்கற மாதிரி."

"அத்தான்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா வர வேண்டாம்னுடுவாரு. அப்புறம் அவருக்கு யாரு பார்க்கறது?"

மறுநாள் லீவு போட்டுவிட்டு அவளைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். சோதனைக்கு மேல் சோதனை. மத்தியானம் அத்தான் வேலைச் சட்டையோடு ஓடிவந்தார், கையில் கிரீஸ் கறை. டாக்டர் அம்மா ஒரு தாளை எங்கள் முன்னால் வைத்தார். இரண்டு வட்டங்கள். இரண்டும் கறுப்பு. நடுவில் மட்டும் கொஞ்சம் வெள்ளை.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கருகிவிட்டது என்றார். ஓரப் பார்வையில்தான் முதலில் போகுமாம், நடுப்பார்வை கடைசி வரை இருக்குமாம், அதனால் யாருக்கும் தெரியாதாம். போனது திரும்பாது. இருப்பதைச் சொட்டு மருந்தும் ஆபரேஷனும் காப்பாற்றுகிறதா பார்க்கலாம். ஆனால் ரொம்பத் தாமதமாக வந்திருக்கிறீர்கள்.

"முட்டிக்கறது, சாமானைத் தட்டி விடறது, இந்த மாதிரி எதையும் நீங்க கவனிக்கலையா? ஒரு வருஷமாவது இருந்திருக்கணுமே. அப்பவே வந்திருந்தா பெரும்பாலும் நிறுத்தியிருக்கலாம்" என்றார் அத்தானைப் பார்த்து.

"பந்து தொலைஞ்சுது" என்றார் அத்தான்.

டாக்டருக்குப் புரியவில்லை. "என்ன பந்து?"

"ஒரு வருஷமா பந்து தொலைஞ்சுக்கிட்டே இருந்துச்சு, மேடம்" என்றார் மறுபடியும். தலையைக் குனிந்துகொண்டு தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை வருடமாக அவள் அவருடைய பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளை யார் பார்த்தது? இதை நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

மட்டைப் பையைக் கொண்டுபோய்ப் பரண் மேல் போட்டார். ஆபரேஷன் நடந்தது. சொட்டு மருந்து வேளை தவறாமல் அவரே விட்டார். அழுத்தம் அடங்குவேனா என்றது. மாதத்துக்கு மாதம் அந்தத் தாளில் வெள்ளை சுருங்கியது. ஒருநாள் அக்கா பரணுக்குக் கீழே நாற்காலியைப் போட்டு ஏறப் பார்த்திருக்கிறாள். அவர் ஓடிவந்து பிடித்து இறக்கினார்.

"என்ன வேணும் உனக்கு?"

"பையை இறக்குங்க. எண்பத்தொன்பது வரணும். அதை நான் பார்க்கணும்."

"போடி, அதுவா இப்ப முக்கியம்?"

"எனக்கு முக்கியம். உங்க பந்தைத்தானே இத்தனை வருஷமாப் பார்த்தேன்? கடைசிப் பந்து குழியில விழறதை என் கண்ணால பார்த்துட்டேன்னா, அப்புறம் போறது போகட்டும்."

அவள் எதற்கும் அடம்பிடித்து நான் பார்த்ததில்லை. பிடித்தது அந்த ஒன்றுக்குத்தான். கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும்போதே அத்தான் தொண்ணூறுக்குள் முடித்தாக வேண்டும். அவர் பையை இறக்கினார்.

அதற்குப் பிறகு அவர் பயிற்சி செய்ததைப் பார்த்தால் பயமாக இருக்கும். சாப்பாடு பாதி, உருட்டல் பாதி. டம்ளர் நெளிந்து போயிற்று. அடிக்கும் முன்னால் ஒரே மாதிரி மூச்சு, ஒரே மாதிரி ரெண்டு ஒத்திகை வீச்சு, அப்புறம் அடி. என்ன நடந்தாலும் அந்த வரிசை மாறாது. வீம்புக்கு ஓர் அடிகூட இல்லை. மரத்தில் மாட்டினால் பக்கவாட்டில் வெளியே. தண்ணீர் இருந்தால் சுற்றிக்கொண்டு. பந்தைப் பார்க்கிற வேலை எனக்கு வந்தது. முதல் நாள் "அதோ, அங்க" என்று கையைக் காட்டினேன். "தலையைக் குனிஞ்சிருக்கறவருக்கு எங்கடி தெரியும் உன் கை?" என்று அக்கா என் மண்டையில் தட்டினாள். மரம், புதர், மேடு என்று அடையாளம் சொல்லப் பழக்கினாள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு மைதானம் முழுக்க நடப்பாள். தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றிரண்டு, ஒருமுறை தொண்ணூற்றொன்று. ஒவ்வொரு முறையும் "அடுத்த வாரம்" என்பாள். அடுத்த வாரத்துக்குள் தன் தட்டில் சோறு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தடவ ஆரம்பித்துவிட்டாள்.

அந்த நாளுக்கு வருகிறேன். சாயங்காலம். காற்று இல்லை. அத்தான் அப்படி ஆடி நான் பார்த்ததே இல்லை. நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன், வாயால் சொன்னால் கண் பட்டுவிடும் என்று ஒரு பயம். கடைசிக் குழிக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தபோது எண்பத்தெட்டு அடி ஆகியிருந்தது. பந்துக்கும் குழிக்கும் நடுவில் ஓர் ஆள் படுத்தால் சரியாக இருக்கும். உருட்டி உள்ளே விட்டால் எண்பத்தொன்பது. வீட்டு நடையில் ஆயிரம் தடவை உருட்டிய தூரம்.

"எவ்வளவு?" என்றாள் அக்கா. அவளும் எண்ணிக்கொண்டுதான் வந்திருக்கிறாள். "இது விழுந்தா எண்பத்தொன்பதா?"

"ஆமா" என்றார் அத்தான்.

"என்னைக் குழிகிட்ட விடுடி" என்றாள். அழைத்துக்கொண்டு போய் நிறுத்தினேன். கொடியை நானே எடுத்துவிட்டேன். அவள் குனிந்து, முழங்காலில் கையை ஊன்றி, கழுத்தை அப்படியும் இப்படியும் அசைத்து அந்தக் குழாய் வழியாகத் தேடினாள். "ஆங், கிடைச்சுடுச்சு. வட்டமாத் தெரியுது. உருட்டுங்க, நான் பார்த்துக்கிட்டே இருக்கேன்" என்றாள்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது குழியை இல்லை.

புல் ஒரே இடத்தில் தேயாமல் இருப்பதற்காக அங்கே குழியை அடிக்கடி இடம் மாற்றுவார்கள். பழைய குழியைப் புல்லோடு வெட்டிய மண் கட்டியால் அடைத்துவிடுவார்கள். அடைத்த இடம் கொஞ்ச நாளைக்குக் கறுப்பாக, வட்டமாகத் தெரியும். அக்கா முழு நம்பிக்கையோடு அந்த அடைத்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையான குழி அவள் காலுக்கு மறுபக்கம் இருந்தது. நான் வாயைத் திறந்தேன். அத்தான் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார், வேண்டாம் என்று. அவரும் பார்த்துவிட்டார்.

குனிந்தார். ஒரு மூச்சு. ரெண்டு ஒத்திகை. மட்டை பின்னால் போய் முன்னால் வந்தது. பந்தில் படுகிற அந்தக் கணத்தில் அவர் தலை தூக்கினார்.

பந்தைப் பார்க்க இல்லை. அவளைப் பார்க்க. அடைத்த குழிக்கு முன்னால் குனிந்துகொண்டு, சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு நின்ற என் அக்காவைப் பார்க்க. எத்தனையோ வருடமாகத் தூக்காத தலை.

பந்து குழியின் ஓரத்தைத் தொட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே வந்து நின்றுவிட்டது. ஒரு சத்தமும் இல்லை.

அக்கா அசையாமல் காத்திருந்தாள். அத்தான் மட்டையைப் புல்லில் வைத்துவிட்டு ரெண்டு எட்டில் வந்தார். குனிந்து பந்தைக் கையால் எடுத்தார். குழிக்குள் போட்டார்.

டொக்கென்று கேட்டது.

"விழுந்துடுச்சு" என்றார். தன் அடியைத் தானே எண்ணிக்கொள்கிற ஆட்டத்தில், இலை விலக்கியதற்கெல்லாம் அடி கூட்டிக்கொண்ட மனிதர். "எண்பத்தொன்பது."

"பார்த்தேன்!" என்று கத்தினாள் அக்கா. "நான் பார்த்தேங்க! அப்படியே உருண்டு வந்து உள்ள விழுந்துச்சு! பார்த்தேன்!" கையைத் தட்டினாள். தடுமாறி அவர் மேலேயே சாய்ந்தாள். அவர் அவளைப் பிடித்துக்கொண்டு, அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகிற வரை மறக்கப் போவதில்லை.

அவர் வண்டி எடுக்கப் போனார். நாங்கள் வேலி ஓரத்துப் பெஞ்சில், அக்கா முதல் நாள் மடிப்புப் பிரித்துக்கொண்டிருந்த அதே பெஞ்சில், உட்கார்ந்திருந்தோம். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன்.

"கையால போட்டாருடி" என்றாள்.

"என்னக்கா சொல்றே?"

"உருண்டு வந்தா ரெண்டு சத்தம் கேட்கும். இடிச்சுட்டு விழும். இது ஒரே சத்தம். மேலேருந்து போட்டது." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "என்னாலதானே? பொய்க் கணக்குச் சொல்ல வச்சுட்டேனே அவரை. எனக்குன்னு ஒரு தடவை..." என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினாள். வண்டிச் சத்தம் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான் சொன்னதை அவர்கிட்ட மூச்சு விட்டே, உன்னைக் கொன்னுடுவேன்."

அதற்குப் பிறகு அத்தான் ஆடப் போகவில்லை. பயிற்சியாளர் ஆள் விட்டுக் கேட்டார். மைதானத்து ஆட்கள், "தொண்ணூறுக்குள்ள வந்தீங்களா இல்லையா?" என்று வழியில் பார்த்தால் கேட்பார்கள். "இல்லை, தொண்ணூறு" என்று உள்ளதைச் சொல்வார். வீட்டு வாசலுக்குள் வந்துவிட்டால் எண்பத்தொன்பது. மழை முடிந்து வெயில் வருவதற்குள் அக்காவுக்கு அந்த நடு வெள்ளையும் போய்விட்டது. தையல் மிஷினுக்கு உறை போட்டாயிற்று. நடையைத் தடவிக்கொண்டு வருவாள், நெளிந்த டம்ளர் காலில் தட்டினால் அதை எடுத்துத் துடைத்து அதே இடத்தில் வைப்பாள்.

இப்போதும் வீட்டுக்கு யார் வந்தாலும், கேஸ் சிலிண்டர் போட வந்தவராக இருந்தாலும், அக்கா பேச்சை அங்கே கொண்டுபோய்விடுவாள். "எங்க வீட்டுக்காரர் எண்பத்தொன்பது அடிச்சவர் தெரியுமா? கடைசிப் பந்து விழுந்ததை நான் என் கண்ணால பார்த்தேன்" என்பாள். வந்தவர்களுக்கு அது என்ன எண்பத்தொன்பது என்றே தெரியாது, சும்மா தலையாட்டுவார்கள். அவள் என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, "அவர் என்னடி பண்றாரு?" என்று கேட்பாள்.

"சிரிச்சுக்கிட்டு நிக்கறாருக்கா" என்பேன்.

அத்தான் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றிருப்பார். அவள் வேறு பேச்சுக்குப் போகும்வரை தலையைத் தூக்க மாட்டார்.